புளி படாத வெண்டைக்காய்

துபாயின் தேரா மார்க்கெட்டில் அன்று மாமியார் மருமகள் சமாதானம் கிலோ நான்கு திர்ஹம். இரண்டு கிலோவாக எடுத்தால் ஏழு.

கூடையில் செருகியிருந்த அட்டையில் அரபியில் 'பாமியா' என்றுதான் போட்டிருந்தது. வெறும் வெண்டைக்காய் விற்கிறோம் என்றே அந்தப் பெஷாவர்க்காரன் நினைத்துக்கொண்டிருந்தான். தன் கூடையில் என்ன கிடக்கிறது என்று தெரிந்திருந்தால் அந்த விலைக்கு நிறுத்துப் போட்டிருப்பானா?

அந்த வெண்டைக்காய் வரைக்கும் விஷயம் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

முர்ஷித் பஜாரின் பின்சந்தில் செய்கு அலாவுதீனின் காகிதக் கடை இருப்பதும், கடைக்கு மேல் ஒரு மாடியறை, அதற்கும் மேல் அவர் வீடு என்பதும் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அந்த மாடியறையில்தான் அவர் மருமகள் ஹிஃப்ஸா, ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஜப்பான் முறையில் தாள் செய்யச் சொல்லிக்கொடுக்கிறாள். தொட்டியில் கையை விட்டு, சட்டத்தால் நாரை அள்ளி, அவரவர் தாளை அவரவரே செய்து எடுத்துப் போகலாம். ஒட்டகமும் தங்கமும் பார்த்துச் சலித்தவர்கள் அதற்கென்றே படியேறி வருகிறார்கள்.

இதை ஆரம்பித்தவர் உம்மு ஹானி. அரபி ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்ட ஜப்பான்காரம்மா. தன் ஊரில் தாள் தொட்டிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்துபோன காலத்தில் தேராவில் ஒரு தொட்டியை நனைத்தவர். அந்தக் கல்யாணத்தோடு பேச்சை நிறுத்திவிட்ட அக்காவைத் தேடி, போன வாரம்தான் ஜப்பானுக்கு விமானம் ஏறினார். "தொட்டி உன் பொறுப்பு" என்று ஹிஃப்ஸாவின் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்.

அலாவுதீன் தாளை டன் கணக்கில் வாங்கி ரீம் கணக்கில் விற்கிற மனிதர். ஒரே ஒரு தாளுக்கு ஒருவன் காசு கொடுப்பான், அதையும் அவனே செய்து எடுத்துக்கொண்டு போவான் என்பது அவருடைய நாற்பது வருஷ வியாபாரத்தில் கேள்விப்படாத சங்கதி. மாடியறையைச் சூட்கேஸ் மொத்த வியாபாரி ஈசா கோடவுனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்தக் கப்பல் கூட்டம் வரட்டும். முகம் சுளிக்காம எறங்கிப் போனா மாடி உனக்கு. இல்லாட்டி ஈசாவுக்கு" என்று அலாவுதீன் மருமகளிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தக் கப்பல் ராஷித் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கூட்டம் இன்றைக்கு.

ஹிஃப்ஸா காலையில் குளிர்பெட்டியைத் திறந்தாள். உள்ளே பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பில் நடுத்தட்டு காலி.

"மாமி, நடுத்தட்டுல ஒரு அலுமினியப் பானை இருந்துச்சே?"

"கழுவிக் கவுத்திருக்கேன், மருமவளே."

"அதுல இருந்தது?"

மாமியார் ரஹீமா பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "அழுகின வெண்டக்கா மாதிரி கொழகொழன்னு கெடந்துச்சு. கரண்டிய விட்டா நூலு நூலா வருது. நீங்க மறந்துட்டீங்க போலன்னு ஊத்திட்டேன். யார்ட்டயும் சொல்லல. சொல்லி என்னத்துக்கு உங்கள கொறைவாக்கணும்?"

மருமகளை அவர் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். காயல்பட்டினத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். பெண் பிறந்த வீட்டை விட்டு அசைவதில்லை. ஆகவே மாமியாரும் மருமகளும் பெருநாளுக்குப் பெருநாள் பார்த்து, ஸலாம் சொல்லி, நல்லபடியாகப் பிரிந்துவிடுவார்கள். இந்த இருவரும் ஒரே அடுப்படியில் நிற்பது இதுதான் முதல் தடவை. விசிட் விசாவில் வந்து இறங்கிய நாளிலிருந்து ரஹீமா பீவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோபித்துக்கொள்ளவும் இடமில்லை, கொஞ்சவும் பழக்கமில்லை. கடைசியில் குளிர்பெட்டியைத் துடைத்தார்.

அவர் ஊற்றியது நேரி. ஜப்பானிலிருந்து வரும் ஒரு வேரைத் தட்டி ஊறப்போட்டால் வடிகிற வழவழப்பு நீருக்கு அதுதான் பேர். தொட்டித் தண்ணீரில் மரப்பட்டை நாரை ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்க வைப்பது அதுதான். அது இல்லையென்றால் நார் கட்டி கட்டியாக அடியில் போய் உட்காரும். சூடு பட்டாலே வழவழப்புச் செத்துப்போகும் என்பதால் குளிர்பெட்டியில் வைத்திருந்தாள். கையிருப்பில் இருந்த கடைசி வேர். அடுத்த மூட்டை உம்மு ஹானி திரும்பி வரும்போதுதான்.

ஹிஃப்ஸா கவிழ்ந்த பானையை நிமிர்த்தி உள்ளே பார்த்தாள். மாமியிடம் எதிர்த்துப் பேசும் கலையை ஊரில் யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அங்கே அதற்குத் தேவை இருந்ததே இல்லை.

படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். கடைக்குக் கிளம்பிய புருஷன் ஃபாரூக் அவளைத் தாண்ட முடியாமல் நின்றான்.

"என்ன ஹிஃப்ஸா?"

"உங்க உம்மா நேரிய ஊத்திட்டாங்க."

"எதுல?"

"சிங்க்ல."

ஃபாரூக் மேலே அடுப்படியைப் பார்த்தான். கீழே வாப்பாவின் கடையைப் பார்த்தான். இரண்டுக்கும் நடுவில் பெண்டாட்டி. அவனுடைய மொத்த வாழ்க்கையும் அந்தப் படிக்கட்டில் தெரிந்தது.

"இன்னைக்கி கேன்ஸல்னு சொல்லிரவா?"

"சொன்னா ஈசா காக்கா பெட்டிய ஏத்திருவாங்க." அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "உம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? அழுகின வெண்டக்கா மாதிரி இருந்துச்சாம்."

"அவங்க ஒன்னும் தப்பா சொல்லியிருக்க மாட்டாங்க…"

"அட, கேளுங்க. வெண்டக்கா!"

அவன் கையிலிருந்த நோக்கியாவைப் பிடுங்கி ஜப்பானுக்கு அடித்தாள். உம்மு ஹானியின் பேச்சு எப்போதும் மூன்று மொழியில் ஒரு தட்டுச் சோறு; அதில் ஹபீப்தி என்றால் கண்ணே, மாஃபி என்றால் இல்லை.

"பாமியா?" என்று அந்தக் குரல் சிரித்தது. "ஹபீப்தி, ஸேம் ஃபேமிலி! இந்த வேருக்குப் பாமியா கசின். ட்ரை, ட்ரை. ஐஸ் வாட்டர்ல போடு. ஹாட் மாஃபி, ஓகே?"

"ஓகே, ஓகே. அங்க அக்காவப் பாத்தீங்களா?"

சிரிப்பு அடங்கியது. "டோர் லாக், ஹபீப்தி. சிஸ்டர் மாஃபி. எங்கயோ டிராவல்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. நான் வெயிட் பண்றேன்."

அதற்கு ஆறுதல் சொல்லக்கூட ஹிஃப்ஸாவுக்கு நேரமில்லை. ஃபாரூக் ஏற்கெனவே படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தான்.

அந்த ஓட்டத்தில் வாங்கியதுதான் ஏழு திர்ஹத்துக்கு இரண்டு கிலோ.

ரஹீமா பீவிக்கு விஷயம் புரிந்ததும் முகம் சுண்டிப்போனது. மன்னிப்புக் கேட்கிற வழக்கம் மாமிமாருக்கு இல்லை. அரிவாள்மனையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நறுக்கித் தண்ணில போடணும், அவ்வளவுதானே? நீங்க போயி தொட்டியப் பாருங்க. இத நான் பாத்துக்கிறேன்."

அந்தக் கை வெண்டைக்காய் நறுக்கிய வேகத்தைப் பார்த்து ஃபாரூக்கே ஒரு அடி தள்ளி நின்றான். ஹிஃப்ஸா மாடியறைக்கு இறங்கினாள். தொட்டியில் தண்ணீரை நிரப்பினாள். உம்மு ஹானியின் மரச்சட்டத்தைத் துடைத்து வைத்தாள். அதன் மூலையில் சூடு போட்ட முத்திரை, இலையொன்றை மடித்தாற்போல. மசாலா சூக் என்கிற கடைத்தெருவிலிருந்து வாங்கிய காய்ந்த ரோஜா இதழையும் குங்குமப்பூவையும் கிண்ணங்களில் எடுத்து வைத்தாள். அவை தாளுக்குள் பதிக்க. ஜப்பான் தாளில் தேராவின் பங்கு அது.

ரஹீமா பீவி பானையோடு இறங்கி வந்தார். ஹிஃப்ஸா கரண்டியை விட்டுத் தூக்கினாள்.

நூல் வரவில்லை. ரசம் மாதிரி ஓடியது.

"மாமி… இதுல வேற என்ன போட்டீங்க?"

"ஒன்னும் போடல. ஐஸ் தண்ணிதான்."

"வேற?"

"கொஞ்சூண்டு புளித்தண்ணி. வெண்டக்கான்னா புளி விடாம எப்படி? கொழகொழன்னு போயிரு…"

சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆயுள் முழுக்க வெண்டைக்காயின் வழவழப்போடு போராடி ஜெயித்த கை அது. புளி, மோர், வெயில், அகலச் சட்டி என்று சகல ஆயுதமும் தெரிந்த கை. இன்றைக்கும் யாரும் சொல்லாமலே தன் கடமையைச் செய்துவிட்டது.

"யா அல்லாஹ்!" ரஹீமா பீவி தன் வலது கையை இடது கையால் அடித்தார். "இந்தக் கையக் கொண்டு போயி…"

ஹிஃப்ஸாவுக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்தது. மாமி அவளை முறைத்தார். முறைத்த கண்ணே தண்ணீராக மினுங்கியது. பிறகு அவருக்கும் தோள் குலுங்க ஆரம்பித்தது. மாமியும் மருமகளும் பானைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, சத்தம் கீழே போய்விடக் கூடாதே என்று முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஃபாரூக்!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவன் மறுபடி ஓடினான்.

இதற்குள் சந்து முனையில் பஸ் வந்து நின்றது. கைடு கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னே வர, பின்னால் தொப்பியும் கேமராவுமாகக் கூட்டம். கடைக்குள் ஈசா அளவு டேப்பை இழுத்துக்கொண்டு மாடிப்படியின் அகலம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹிஃப்ஸா படியிறங்கி மாமனாரின் காதருகில் சொன்னாள். "மாமா, ஒரு அரை மணி நேரம். அவங்களக் கீழேயே நிறுத்தி வைக்கணும்."

"ஏன்? என்னாச்சு?"

"வெண்டக்கா வரணும்."

அலாவுதீன் வாழ்க்கையில் எத்தனையோ சாக்கு கேட்டிருக்கிறார். பாங்கிலிருந்து எல்.சி. வரவில்லை, கண்டெய்னர் வரவில்லை, பார்ட்னர் வரவில்லை. வெண்டைக்காய் வரவில்லை என்பது புதுசு. புதுச் சாக்கில் பெரும்பாலும் பொய் இருக்காது என்பது அவர் கண்ட அனுபவம்.

"வாட்டர், டீ, சுலைமானி!" என்று கையை விரித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "வெல்கம்! ஃபர்ஸ்ட் லெஸன் டவுன் ஸ்டேர்ஸ்!"

முதல் பாடம் என்று ஒன்று இருப்பது ஹிஃப்ஸாவுக்கே அப்போதுதான் தெரியும். மாமனார் பரிசுத்தாள் பண்டலை மேசையிலிருந்து தள்ளினார். அவித்து வைத்திருந்த முசுக்கட்டைப் பட்டையை அதில் பரப்பினார். மரச்சுத்தியலை ஜோடிக்கொன்றாகக் கொடுத்தார். "பீட், பீட்! யுவர் ஆபீஸ் பாஸ், யுவர் இன்கம் டாக்ஸ்! பீட்!"

ஜெர்மன்காரர் ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டு அடிக்க ஆரம்பித்தார். அவர் மனைவி சுத்தியலைப் பிடுங்கி அவரைவிட உற்சாகமாக அடித்தாள். கூட்டத்தில் சிரிப்பு.

ஈசா டேப்பை மடக்கிக்கொண்டு வந்தார். "காக்கா, படி முப்பத்தாறு இஞ்சு அகலம். பெரிய பெட்டி தாராளமா ஏறும்."

"ஈசா, நீ ஒரு கை பிடி. அந்தப் பாட்டிம்மாவுக்குச் சுத்தியல் கனக்குது பாரு."

"நான் கோடவுன் பாக்க வந்தேன், காக்கா."

"பாக்கலாம்பா. பட்டைய அடி."

மேலே அடுப்படியில் இரண்டாம் பானை தயாராகிக்கொண்டிருந்தது. ரஹீமா பீவி புளி ஜாடியை மகனிடம் கொடுத்திருந்தார்.

"நான் கேட்டாலும் தராத. என் மேல ஆணை."

"உம்மா, நான் கடைக்குப் போகணும்."

"ஜாடிய வச்சுக்கிட்டு நில்லு. நறுக்கி முடியறவரைக்கும் என் கைக்கு நம்பிக்கை இல்ல."

நடுவில் ஒரு தடவை அந்தக் கை தானாக நீண்டது. ஃபாரூக் ஜாடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். கை வெறுமனே திரும்பிப் போனது.

பானை இறங்கியது. கூட்டமும் மாடியறைக்கு ஏறிவிட்டது. ஹிஃப்ஸா கீழே அடித்த நாரைத் தொட்டியில் போட்டு, பானைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றினாள். கழியால் கலக்கினாள். கைடு ஆங்கிலத்தில் எதையோ அளந்துகொண்டிருந்தான். அவளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. வாசற்படியில் மாமனார், அவருக்குப் பின்னால் வியர்த்து நனைந்த ஈசா, அவருக்கும் பின்னால் முக்காட்டின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு மாமி.

சட்டத்தை உள்ளே விட்டாள். நார் பால்மேகம் மாதிரி மிதந்தது. கீழே போகவில்லை. அள்ளினாள். முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் ஆட்டினாள். மூங்கில் படலின் வழியே தண்ணீர் அவசரமில்லாமல் இறங்கியது. பிறகு, படலின் மேல், ஈரமாக, முழுசாக, ஓட்டையோ கட்டியோ இல்லாமல் ஒரு தாள் கிடந்தது.

லேசாகப் பச்சையடித்தது, அவ்வளவுதான்.

விடாமல் பிடித்து வைத்திருந்த மூச்சை ஹிஃப்ஸா விட்டாள். வாசற்படியில் இன்னும் மூன்று மூச்சு விடும் சத்தம் கேட்டது. அதில் ஒன்று ஈசாவுடையது. அரை மணி நேரம் பட்டையை அடித்தவனுக்கு அது தாளாவதில் பங்கு வந்துவிடுகிறது.

"ஏன் பச்சை?" என்று ஜெர்மன்காரர் மனைவி கேட்டாள்.

"ஸ்பெஷல் தேரா கலர்னு சொல்லு" என்று மாமனார் தமிழில் எடுத்துக்கொடுத்தார்.

ஹிஃப்ஸா உள்ளதைச் சொன்னாள். ஜப்பான் வேர் காலையில் கொட்டிப்போனது, அதற்கு உறவான வெண்டைக்காயைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறோம், செய்தது மாமியார் என்றாள். எப்படிக் கொட்டிப்போனது என்பதைச் சொல்லவில்லை. கூட்டம் முழுக்கத் திரும்பி ரஹீமா பீவியைப் பார்த்துக் கைதட்டியது. அவர் மகனின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்தார். ஃபாரூக்கின் கையில் இன்னும் புளி ஜாடி இருந்தது.

அதற்குப் பிறகு தொட்டியைச் சுற்றித் திருவிழாதான். ரோஜா இதழும் குங்குமப்பூவுமாக ஒவ்வொருவரும் தத்தம் தாளை அள்ளினார்கள். ஃபாரூக் துணி போட்டு இஸ்திரிப்பெட்டியால் காயவைத்துக் கொடுத்தான். தாளை இரண்டு கையிலும் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு அவர்கள் படியிறங்கியதை அலாவுதீன் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கடையில் தாள் வாங்கிய எவனும் அதை அப்படிப் பிடித்ததில்லை.

"காக்கா, அந்தக் கோடவுன்…" என்றார் ஈசா.

"சரிப்படாது ஈசா. ஈரம். உன் பெட்டியெல்லாம் பூஞ்சை பிடிச்சிரும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கூட்டத்தில் ஒருவர் மட்டும் இறங்கவில்லை. சாம்பல் நிறக் குடையை மடித்துப் பிடித்திருந்த ஒரு ஜப்பான்காரம்மா. தொட்டித் தண்ணீரில் இரண்டு விரலை விட்டு, தேய்த்து, தூக்கிப் பார்த்தார். நூல் நீண்டது. தலையை ஆட்டிக்கொண்டார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு தாளை அள்ளினார். ஹிஃப்ஸா அதற்கு முன் ஒரே ஒருவரிடம்தான் அந்தத் தோள் அசைவைப் பார்த்திருக்கிறாள்.

சட்டத்தைக் கீழே வைக்கும்போது அவர் பெருவிரல் மூலையிலிருந்த முத்திரையில் நின்றது.

"இந்த மார்க் எங்கள் வீட்டுடையது" என்றார் மெதுவான ஆங்கிலத்தில். "அப்பா செய்தது இரண்டு சட்டம். ஒன்று என்னிடம் இருக்கிறது. இதைக் கொண்டுவந்தவள் எங்கே?"

ஹிஃப்ஸா அந்த முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். "உங்களைத் தேடி… உங்கள் வீட்டு வாசலில்."

அந்தம்மா குடையைத் தொட்டியோரம் சாய்த்து வைத்தார். பின் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பும் ஹிஃப்ஸாவுக்குத் தெரிந்த சிரிப்புத்தான். ஹிஃப்ஸா அவசரமாகப் போனை எடுத்து எண்ணைத் தட்டினாள். அந்தம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாம். இத்தனை வருஷத்தைப் போனில் பேச எனக்குத் தெரியாது. இந்தத் தாள் அவளுக்கு. காய்ந்ததும் கொடு."

"உங்கள் கப்பல்?"

"இன்று இரவு மஸ்கட். அப்புறம் வீடு." கதவருகில் நின்று திரும்பினார். "நான் போய்ச் சேரும்வரை அவள் அங்கே இருப்பாளா?"

கீழே பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

லுஹர் தொழுகை முடிந்து கடைக்கு ஆள் வராத நேரம். மாடியறையில் தொட்டியைச் சுற்றி வீடே உட்கார்ந்திருந்தது. புளி போட்ட முதல் பானையை வீணாக்க மனமில்லாமல் ரஹீமா பீவி அதைக் குழம்பாக்கியிருந்தார். அலாவுதீன் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டார்.

"ஏளா ஹிஃப்ஸா, நீயும் உக்காரு. அப்பவே சோறு ஆறிப் போச்சு" என்றார் ரஹீமா பீவி.

ஃபாரூக் கவளத்தை வாயருகில் நிறுத்திவிட்டு உம்மாவைப் பார்த்தான். 'நீங்க' போய்விட்டது. ஹிஃப்ஸா கவனிக்காதவள் மாதிரி மாமிக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"சரி, கணக்க முடிப்போம்" என்று அலாவுதீன் விரலைச் சூப்பினார். வியாபாரிக்குச் சாப்பாடு கணக்கில்தான் முடியும்.

"நான் சொல்றேன்" என்றார் ரஹீமா பீவி. "நான் கொட்டினது ஒரு பானை. ஆக்கிக் குடுத்தது ஒரு பானை. நேராச்சா?"

"புளி விட்ட பானை, உம்மா?"

"அதத்தான் வாப்பாவும் மவனும் தின்னுக்கிட்டு இருக்கீங்க. அதுவும் நேரு."

"ஈசாவுக்கு?" என்றான் ஃபாரூக்.

"அவன் பட்டைய அடிச்சான், நான் சுலைமானி குடுத்தேன். நேரு" என்றார் அலாவுதீன். "மாடி ஹிஃப்ஸாவுக்கு. நான் குடுத்த வாக்கும் நேரு. அப்ப எல்லாம் சரியாயிருச்சில்ல?"

ஹிஃப்ஸா ஜன்னல் பக்கம் பார்த்தாள். கண்ணாடியில் ஒட்டி வைத்த அந்த அக்காவின் தாள், வெயில் ஊடுருவ, ஓரத்திலிருந்து மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது. ரோஜா இதழ் இல்லை, குங்குமப்பூ இல்லை. வெறும் தாள். அவள் மடியில் கிடந்த நோக்கியா அதிர்ந்தது. திரையில் உம்மு ஹானியின் பேர்.

"இல்ல மாமா" என்றாள். "ஒன்னு நிலுவை."